ஐந்தாம் வலயம்

டிவிடிக்காக ஹொலிவூட் நிறுவனங்கள் உலகை ஆறு வலயங்களாகக் கூறுபோட்டன. ஒரு வலயத்துப் படத்தை மறு வலயத்துப் பிளேயர் ஏற்காது. கனடா 1, பிரித்தானியா 2. இலங்கையும் இந்தியாவும் சேர்ந்து 5. (மலிவான சீனப் பிளேயர்கள் பல இதைப் பொருட்படுத்தவேயில்லை என்பது வேறு கதை.)

1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமோ, மலையகத்தாரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றது. உடன்பிறந்தோர் பசறையிலும் கோத்தகிரியிலுமாகச் சிதறினர்.

2000களின் நடுப்பகுதியில், பசறைப் பக்கத்து லயமொன்றில் ஒரு மூதாட்டி இரண்டு திருமண இறுவட்டுகளை நீட்டினார். கோத்தகிரியிலிருந்து வந்தது நன்றாக ஓடியது. டொரொன்டோவிலிருந்து வந்தது கறுப்புவெள்ளையாகி உருண்டது.

"ஏங்கய்யா, இது மட்டும் இப்புடி?"

வீட்டு நிகழ்ச்சியைப் பதிந்த வட்டில் வலயப் பூட்டு இராது. இங்கே இடறியது ஒளிபரப்பு முறை. நமக்கும் இந்தியாவுக்கும் வினாடிக்கு 25 சட்டகங்கள் கொண்ட பால். வட அமெரிக்காவுக்கு ஏறத்தாழ 30 கொண்ட என்டிஎஸ்சி. அந்தப் பழைய தொலைக்காட்சிக்குப் பின்னது பிடிபடவில்லை.

இயன்றவரை விளக்கினேன். அவர் கவனிக்கவில்லை. கோத்தகிரி வட்டில், தாலி கட்டும்போது திரையோரத்தில் தங்கை நிற்கிறாராம். அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னார்.