படத்தை நம்பிப் படிப்பைத் தேர்ந்தெடுக்கலாமா?

பாதத்தை அழுத்திச் செய்யும் சிகிச்சையான ரிஃப்ளெக்சாலஜியைக் கற்க விரும்புகிறவரின் கண்ணில் முதலில் படுவது பாதப் படம்தான். பெருவிரலில் தலை, விரல்களுக்குக் கீழே உள்ள மேட்டில் நுரையீரல், உட்புற விளிம்பு நெடுக முதுகெலும்பு, குதிகாலில் இடுப்பு என்று வண்ணம் பிரித்த படம். எந்தப் பள்ளியின் படம் விரிவாக இருக்கிறதோ அங்கே நிறையச் சொல்லித்தருவார்கள் என்று நம்பிப் பணம் கட்டுகிறவர்கள் உண்டு. பாங்காக்கில் வாட் போ கோயிலை ஒட்டி நடக்கும் பயிற்சி வகுப்புகளையும், அந்நகரத்துப் பாத மசாஜ் கடைகளில் வேலை பார்க்கும் பெண்களையும் கவனித்தபின், இந்தத் தேர்வைப் படத்திலிருந்து தொடங்குவது தவறு என்றே நினைக்கிறேன். கற்பவரின் விரல், ஆசிரியரின் பார்வையில், உயிருள்ள பாதத்தின் மேல் எத்தனை மணி நேரம் உழைக்கிறது? படிப்பின் தரத்தைச் சொல்வது அந்தக் கணக்குதான்.

படத்துக்கு இருக்கும் மதிப்பு அதன் பழமையிலிருந்து வருவதாகப் பலர் எண்ணுகிறார்கள். வாட் போவில் பழமை இருக்கிறது, ஐயமில்லை. மூன்றாம் ராமா மன்னர் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பதிக்கச் செய்த மருத்துவக் கல்வெட்டுகள் அங்கே உள்ளன. மனித உருவம் வரைந்து, ‘சென்’ எனப்படும் தடங்களையும் அழுத்தப் புள்ளிகளையும் குறித்த பலகைகள் அவற்றில் அடக்கம். ஆசனமிட்ட ரிஷிகளின் சிலைகள் முற்றத்தில் நிற்கின்றன. புத்தரின் மருத்துவர் சீவகரை இக்கலையின் ஆதி ஆசானாக வணங்குகிறார்கள். ஆனால் உள்ளங்காலில் உறுப்புகளைப் பங்கிட்ட அந்தப் படம் வேறு வழியாக வந்தது. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டு, உடலைப் பத்து நெடுக்கு மண்டலங்களாகப் பிரித்து 1917இல் எட்வின் பவர்ஸுடன் சேர்ந்து ஒரு நூல் எழுதினார். அதை அடிப்படையாகக் கொண்டு 1930களில் பாதத்துக்கென்று படம் வகுத்தவர் யூனிஸ் இங்ஹாம். பிறகு அது ஐரோப்பாவுக்குப் போனது. 1970இல் தைவானுக்கு வந்த சுவிஸ் பாதிரியார் யோசப் யூக்ஸ்டர், தம் மூட்டுவலிக்காக அதைக் கையில் எடுத்து அத்தீவெங்கும் பரப்பினார். ஆக, கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் படத்துக்கு நூறு வயதுகூட ஆகவில்லை.

வயது குறைவு என்பதால் ஒன்று பொய்யாகிவிடாது. பொய்யா மெய்யா என்று சோதித்துத்தான் பார்க்க வேண்டும், சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2000இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், நோயாளிகளின் விவரம் அறியாத இரண்டு ரிஃப்ளெக்சாலஜிஸ்டுகள் 18 பேரின் பாதங்களைத் தொட்டு நோயைக் கண்டறிய முயன்றார்கள். அவர்களால் இயலவில்லை, இருவரின் கணிப்பும் ஒன்றோடொன்று பொருந்தவுமில்லை. 2009இல் ஆய்வாளர் எட்ஸார்ட் எர்ன்ஸ்ட் 18 மருத்துவப் பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, எந்த நோய்க்கும் இச்சிகிச்சை பலன் தருவதாக நம்பத்தக்க சான்று இல்லை என்றார். ‘படத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் கால்பிடிப்புதானே, அதற்கு ஏன் படிப்பு?’ என்று இத்துறையினர் கேட்கிறார்கள். அந்த ‘வெறும்’ என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. நாளெல்லாம் நின்று வேலை செய்தவர் ஒரு மணி நேரம் கால்நீட்டி உட்கார்ந்து, தேர்ந்த கையால் வலி தளர்ந்து எழுந்திருப்பது மெய்யான பலன். அதைக் கொடுப்பது விரலின் திறம். சிறுநீரகம் இங்கே, கல்லீரல் அங்கே என்ற மனப்பாடம் அதைக் கொடுப்பதில்லை.

அந்தத் திறம் எப்படி உண்டாகிறது என்பதை வகுப்பறையில் பார்க்கலாம். கால் கழுவுவது, துடைப்பது, களிம்பு தடவுவது, உள்ளங்காலிலிருந்து முழங்கால்வரை வரிசையாக அழுத்திச் செல்வது, நடுவே ஒரு சிறு மரக்குச்சியால் அழுத்துவது. வரிசையை யாரும் விரைவில் மனத்தில் பதித்துக்கொள்வார்கள். அழுத்தத்தின் அளவுதான் வராது. புதியவர்கள் கட்டைவிரலின் நுனி மூட்டை வளைத்துத் தோளிலிருந்து முட்டுகிறார்கள். பழகியவர்கள் மூட்டை நேராக வைத்து, இடுப்பிலிருந்து உடலின் எடையைச் சாய்த்து விரலுக்கு அனுப்புகிறார்கள். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஒரு நாளில் பல வாடிக்கையாளர்களுக்கு அழுத்தும் பெண்ணின் கையில் சில ஆண்டுகளில் வேறுபாடு தெரிந்துவிடும். கட்டைவிரல் அடிமூட்டு வலியும் மணிக்கட்டு வலியும் இத்தொழிலை விட்டு வெளியே தள்ளும் காரணங்கள். இப்பெண்களில் பலர் வடகிழக்கு ஈசான் பகுதியின் நெல் வயல்களிலிருந்து வந்தவர்கள். செய்த மணி நேரத்துக்குப் பங்கும், வாடிக்கையாளர் தரும் டிப்ஸுமே வருமானம். கை போனால் வீட்டுக்கு அனுப்பப் பணமில்லை. எனவே படிப்பைத் தேடுகிறவர் பள்ளியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, என் கையைக் காப்பாற்ற என்ன சொல்லித்தருகிறீர்கள் என்பது. குச்சியை எப்போது எடுப்பது, இருக்கையின் உயரம் எவ்வளவு, இரண்டு வாடிக்கையாளர்களுக்கு நடுவே எவ்வளவு ஓய்வு என்பவை பாடத்திட்டத்தில் இருந்தால் அந்தப் பள்ளி தொழிலாளியை நினைத்து நடக்கிறது.

தொடக் கூடாத காலைப் பற்றிய பாடமும் அதே அளவு முக்கியம். நீண்டகாலச் சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்வு மங்கிவிடலாம். குச்சி ஆழமாக இறங்கினாலும் அப்படிப்பட்டவர் ‘போதும்’ என்று சொல்லமாட்டார். பின்னர் அது ஆறாத புண்ணாகலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால், உள்ளே இரத்தக்கட்டி இருக்கலாம்; அங்கே மசாஜ் ஆபத்து, மருத்துவரிடம்தான் அனுப்ப வேண்டும். சர்க்கரை நோய் பெருகிய தமிழ்நாட்டிலிருந்து இதைக் கற்கப் போகிறவருக்கு இந்தப் பாடம் உயிர்நாடி. உறுப்புப் படத்துக்கு நாட்கணக்கில் ஒதுக்கி, இதை ஒரு பக்கத் தாளில் முடித்துவிடும் படிப்புக்குப் பணம் கட்டவே கூடாது.

நீண்ட படிப்புக்குப் பணமும் ஓய்வும் உள்ளவர்கள் போகட்டும், ஏழைக்குக் குறுகிய படிப்புதானே கைக்கு எட்டும் என்ற மறுப்பு நியாயமானது. வாட் போ பள்ளியின் பாத மசாஜ் படிப்பு 30 மணி நேரம்; ஐந்து நாளில் முடிந்துவிடும். தாய்லாந்தில் தொழிலுக்கென அரசு ஏற்கும் பாத மசாஜ் பயிற்சி 60 மணி நேரம், பொதுவான தாய் மசாஜுக்கு 150, சிகிச்சை நிலைக்கு 800 என்று ஏறிக்கொண்டே போகும். குறுகிய படிப்பை நான் ஒதுக்கவில்லை. அதன் 30 மணியும் பாதத்தின் மேல் கழிந்தால், பாதி நேரம் படம் எழுதும் 100 மணிப் படிப்பைவிட அது மேல். அது தொழிலின் தொடக்கம் என்பதைப் பள்ளி மறைக்காமல் சொன்னால் போதும். சான்றிதழுக்கும் இதே அளவுகோல்தான். பிரிட்டனில் சட்டப்படி எவரும் தம்மை ரிஃப்ளெக்சாலஜிஸ்ட் என்று அழைத்துக்கொள்ளலாம். அங்குள்ள பதிவேடு விருப்பத்தின் பேரில் சேர்வது. ஆஸ்திரேலியா 2019 ஏப்ரலில் தனியார் மருத்துவக் காப்பீட்டின் பட்டியலிலிருந்து ரிஃப்ளெக்சாலஜியை நீக்கிவிட்டது. ஒரு நாட்டின் முத்திரை இன்னொரு நாட்டில் உரிமமாகாது. வெளிநாட்டு வேலை நிச்சயம் என்று சொல்லிச் சேர்க்கும் இடத்தில், எந்த நாடு, எந்த விதி என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

பணம் கட்டும் முன் ஒரு வகுப்பைப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மாணவர்கள் ஒருவர் காலை ஒருவர் அழுத்திப் பழகுவது எங்கும் உண்டு. ஆனால் இரண்டு புதியவர்களுக்குள் அழுத்தம் கூடியதா குறைந்ததா என்று யாருக்கும் தெரியாது. ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்து தம் காலையே ஒவ்வொரு மாணவரிடமும் கொடுத்து, ‘இங்கே அதிகம், இங்கே போதாது, விரலை நிமிர்த்து’ என்று சொல்கிறாரா என்று கவனியுங்கள். அப்படிச் செய்யும் ஆசிரியரின் வகுப்பில் ஒரே நேரத்தில் நாற்பது பேர் இருக்க முடியாது. கட்டணம் சற்றுக் கூடுதலாகவும் இருக்கும். அந்தக் கூடுதல் கட்டணம் நியாயமானது.