மிச்சம் பிடித்த நானூறு ரூபாய்

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவனை உலகம் ஏமாளி என்று சொல்லும். சுண்ணாம்புத் தண்ணீர் என்று தெரிந்தே அதைப் பால் என்று கொடுத்தவனை என்னவென்று சொல்லும்? அப்படிக் கொடுத்தவன் நான். அந்தக் கதையைத்தான் இந்தப் பக்கத்தில் எழுத முன்வந்திருக்கிறேன்.

மங்களூர் என்றதும் கர்நாடகக் கடற்கரை நகரை நினைத்துவிட வேண்டாம். மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் நம் கடலூர் மாவட்டத்து மங்களூர்தான் என் ஊர். அங்கே சாலையோரத் தகரக் கொட்டகையில் என் தந்தையார் கார் பட்டறை வைத்திருக்கிறார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விடுமுறை நாட்களில் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பதும், டீசலில் சாமான் கழுவுவதும் என் வேலை.

சென்ற ஆண்டு, ஊரில் வாடகைக்கு ஓடும் ஆம்னி வேன் ஒன்று 'டொக் டொக்' என்ற சத்தத்துடன் பட்டறைக்கு வந்தது. மூன்று சிலிண்டர் இன்ஜின். இறக்கிப் பார்த்ததில் பிக் எண்ட் பேரிங் தேய்ந்திருந்தது. கிராங்க்கை லேத்துக்கு அனுப்பிக் கால் மில்லிமீட்டர் கடைந்து வாங்கினார் அப்பா. அதற்கேற்ற பேரிங் வாங்கிவரும் பொறுப்பு, தினமும் விருத்தாசலம் வந்துபோகும் என்னிடம் வந்தது.

"கம்பெனி சாமானாப் பாத்து வாங்கிட்டு வா தம்பி" என்று எண்ணிப் பணம் கொடுத்தார்.

கடைக்காரர் என் முன் இரண்டு பெட்டிகளை வைத்தார். வண்ணமும் எழுத்தும் ஒன்றுபோலவே இருந்தன. உற்றுப் பார்த்தால் ஒன்றின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. விலையில் நானூறு ரூபாய் வித்தியாசம். அன்று தேர்வுக் கட்டணத்துக்கு எனக்குக் குறைந்த தொகையும் ஏறக்குறைய அதுதான்! அப்பாவிடம் மீண்டும் கேட்க மனம் வரவில்லை. எழுத்து மாறிய பெட்டியை வாங்கினேன். அப்பா பெட்டியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. மகன் வாங்கிவந்தான் என்பதே அவருக்குப் போதுமான முத்திரையாக இருந்தது.

நாற்பது நாள் வேன் நன்றாகவே ஓடியது. பிறகு ஓரிரவு, காய்ச்சலில் துவண்ட குழந்தையையும் அதன் தாயையும் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போகையில், வேப்பூருக்கு முன்னால் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. அவ்வழியே வந்த சரக்கு வண்டி ஒன்று அவர்களை ஏற்றிச் சென்றது. குழந்தை மூன்றாம் நாள் நலமாக வீடு திரும்பியது. அந்த மூன்று நாளும் நான் உண்டதும் உறங்கியதும் எனக்கு நினைவில்லை.

இன்ஜினைப் பிரித்தபோது, நடுச் சிலிண்டரின் பேரிங்கில் மேற்பூச்சு, பழஞ்சுவரில் சுண்ணாம்பு உரிவதுபோல் உரிந்து கிடந்தது. கிராங்க்கிலும் கீறல். "கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டானாப்பா?" என்று கேட்டார் அப்பா. நான் வாய் திறக்கவில்லை.

உரியாமல் தப்பிய நான்கு பாதிகளைத் துடைத்து எடுத்துக்கொண்டு கல்லூரி ஆய்வகத்துக்கு வந்தேன். முதலாண்டில் நாம் கம்பியின் தடிமன் அளந்த அதே திருகு அளவி, மீச்சிற்றளவு 0.01 மி.மீ. வளைந்த பரப்பில் அது சரியாகப் படியாது. ஆகவே சைக்கிள் குண்டு ஒன்றை இடையில் வைத்து அளந்து, குண்டின் விட்டத்தைக் கழித்தேன். நான்கு பாதிகளிலும் ஒரே இடத்தில் அளந்தும், தடிமன் 0.03 மி.மீ. வரை மாறியது. நல்ல நிறுவனத்தின் புதிய செட்டில் என் கருவிக்கு எட்டிய அளவில் வேறுபாடே தெரியவில்லை.

0.03 மி.மீ. என்ன பெரிது என்று கேட்கலாம். கிராங்க் பேரிங்கின் மேல் நேராக உரசிச் சுழல்வதில்லை. இடையிலுள்ள எண்ணெய்ப் படலத்தில் மிதந்து சுழல்கிறது. அதற்கு விடும் இடைவெளி, இதுபோன்ற சிறிய இன்ஜின்களில், சுமார் 0.02 முதல் 0.05 மி.மீ. வரைதான், நம் தலைமுடியைவிட மெல்லியது! நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு 50 சுற்று. இடைவெளி குறைந்தால் எண்ணெய் நுழையாது, மிகுந்தால் நிற்காது. உலோகத்தோடு உலோகம் உரசிச் சூடேறி இறுகிவிடும்.

நம் விருத்தாசலத்துப் பீங்கானை விரலால் தட்டினால் போதும். கணீரென்றால் நல்லது, மொத்தென்றால் விரிசல். பேரிங்குக்கு அப்படி ஒரு குரல் இல்லை. இன்ஜினை மூடிய பிறகு அதைக் காண்பாரும் இல்லை.

விலை குறைந்ததெல்லாம் போலி என்று நான் சொல்லவரவில்லை. கார் நிறுவனத்தின் பெட்டியில் வரும் சாமான் ஒன்று. உதிரிபாகம் செய்யும் நிறுவனம் தன் சொந்தப் பெயரில், பெரும்பாலும் குறைந்த விலைக்கு, விற்பது இன்னொன்று. இரண்டும் நேர்மையானவை. மூன்றாவதுதான் பிறர் பெயரைத் திருடி வருவது. பிறர் வணிகக்குறியைப் போலியாகப் பயன்படுத்துவோருக்கும், அத்தகைய பொருளை விற்போருக்கும், 1999ஆம் ஆண்டின் வணிகக்குறிகள் சட்டம் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. நல்ல சாமான் செய்யத் தெரியாத நாடும் அல்ல நம்முடையது. சென்னை செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949இலேயே தோன்றிவிட்டது. 1998இல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தரத்துக்காக ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசை இந்தியாவிலேயே முதலாவதாகப் பெற்றது. செய்பவர் கையிலும் விற்பவர் கையிலும் தரம் இருந்து பயனென்ன? வாங்கி மாட்டுகிறவன் கையிலும் அது இருக்க வேண்டாமா?

நான்காம் நாள் அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கையை ஓங்கியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "பணம் வேணும்னா கேட்டிருக்கலாமே தம்பி. இன்ஜினை மூடிட்டா உள்ள இருக்கறது நமக்கு மட்டுந்தான் தெரியும். அதை நம்பித்தான் வண்டியக் கொண்டாந்து விடறாங்க" என்றார். அவ்வளவுதான்.

கூலி வாங்காமல், சாமானும் தன் செலவிலேயே போட்டு, அந்த இன்ஜினைத் திரும்பக் கட்டினார். மிச்சம் பிடித்தது நானூறு. போனதோ பல ஆயிரம். ஞாயிறுதோறும் பருத்தி மூட்டை ஏற்றி, அந்த நானூறை மட்டும் என் கூலியிலிருந்து அவரிடம் கொடுத்தேன்.

வேன்கார மாமாவிடமும் போய் நடந்ததைச் சொன்னேன். நெடுநேரம் அவர் பேசவில்லை. நண்பர்களே, பட்டம் பெற்று நாளை நாம் ஆய்வகத்திலோ அலுவலகத்திலோ அமரலாம். நாம் மூடிவைக்கும் பல வேலைகளைப் பிறர் திறந்து பார்க்கப் போவதில்லை. அப்போதெல்லாம் எனக்கு அந்த எழுத்து மாறிய பெட்டி நினைவுக்கு வரும்.

சென்ற மாதம் அதே வேனுக்குக் கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டியிருந்தது. மாமா சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்தார். அப்பா கை நீட்டினார். மாமா அவரைத் தாண்டி, பணத்தை என் கையில் வைத்தார்.

"நீயே வாங்கிட்டு வா" என்றார்.

— இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)