அன்றன்றைக்குரிய அப்பம்

நம் வீடுகளில் ஊறுகாயும் வடகமும் ஓராண்டுக்கெனச் சேர்த்து வைக்கப்படுகின்றன. சோறு மட்டும் அன்றன்றே வடிக்கப்படுகிறது. நேற்று வயிறார உண்டோம் என்பதற்காக இன்று எவரும் அடுப்பு மூட்டாமல் இருப்பதில்லை. உடலுக்குரிய இவ்வெளிய நியதியை ஆன்மாவுக்கு மட்டும் நாம் ஏற்கத் தயங்குகிறோம். ஆண்டுக்கொரு தியானம், தவக்காலத்தில் ஒரு திருப்பயணம், பங்குத் திருவிழாவையொட்டிய நவநாள் ஆகியவற்றால் எஞ்சிய நாள்களையும் கடத்திவிடலாம் என எண்ணுகிறோம்.

விடுதலைப் பயண நூலின் 16ஆம் அதிகாரம் இவ்வெண்ணத்தைத் திருத்துகிறது. பாலைநிலத்தில் இறைவன் மன்னாவைப் பொழிந்தபோது, ஆளுக்கு ஓர் ஓமர் வீதம் ஒவ்வொரு காலையும் சேகரிக்குமாறு பணித்தார். நிறையச் சேகரித்தவருக்கு மிகுதி இல்லை. குறையச் சேகரித்தவருக்குப் பற்றாக்குறை இல்லை. மறுநாளுக்கென ஒளித்து வைத்ததோ புழுத்து நாறியது. வெயில் ஏறியதும் தரையில் கிடந்தது உருகிப்போயிற்று. ஓய்வுநாளுக்கு முந்திய நாளில் மட்டும் இரு மடங்கு கிடைத்தது, அது கெடவுமில்லை. நாற்பது ஆண்டுகள் இவ்வாறே நடந்தது. ஒரே நாளில் ஓராண்டு உணவை அளிக்க வல்லவர், ஒவ்வொரு காலையும் கூடாரத்தைவிட்டு மக்களை வெளியே அழைத்தார். அவர்களது பசியைத் தீர்ப்பதோடு, அவர்கள் நாள்தோறும் தம்மை நாடி வரவேண்டும் என்பதும் அவரது திருவுளமாயிருந்தது. நம் ஆண்டவரும், சீடர்களுக்குக் கற்பித்த செபத்தில், அன்றைய உணவையே கேட்கச் சொன்னார்.

ஆயினும் அன்றாடம் கிடைப்பது சலிப்பூட்டும். எகிப்தில் உண்ட மீனையும் வெள்ளரிக்காயையும் பூண்டையும் நினைத்து, மன்னாவைத் தவிர வேறெதுவும் இல்லையே என மக்கள் அழுததை எண்ணிக்கை நூல் மறைக்காமல் கூறுகிறது. அதே செபம், அதே சொற்கள் என்ற சலிப்பு நமக்கும் புதிதன்று.

இவ்வுண்மையை நான் உணர்ந்தது என் துணைவியார் இறைவனடி சேர்ந்த வாரத்தில். முப்பத்திரண்டு ஆண்டுகள் எங்கள் வீட்டில் இரவு உணவுக்குமுன் செபமாலை சொல்லப்பட்டது. மங்கள வார்த்தை செபத்தின் முற்பகுதியை நான் சொல்வேன். பிற்பகுதியை அவர் சொல்வார். பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் சென்ற பிறகு நாங்கள் இருவர் மட்டுமே. அடக்கம் முடிந்து, உறவினர் விடைபெற்ற செவ்வாய் இரவில் முதன்முறையாகத் தனியே முழந்தாளிட்டேன். முற்பகுதி முடிந்தது, பதில் வரவில்லை. சற்று நேரம் காத்திருந்தேன் என்றே சொல்லவேண்டும். பின்னர் அவருக்குரிய பகுதியையும் நானே சொன்னேன்.

அன்றைக்குரியவை துயர மறையுண்மைகள். என் மனநிலைக்கு ஏற்றவை. மறுநாள் புதன். மகிமை மறையுண்மைகளைத் தியானிக்க வேண்டும். என் உள்ளமோ கல்லறையை விட்டு இன்னும் நகரவில்லை. செபமாலையோ இயேசுவின் உயிர்ப்பை என்முன் வைத்தது. எனக்கு விருப்பமானதைத் தேர்ந்திருந்தால், மாதக்கணக்கில் துயரத்தையே தியானித்திருப்பேன். ஆனால் திருச்சபை வகுத்த ஒழுங்கு என் துயரைக் கேட்டு நிற்கவில்லை. அதைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்றது. அன்று ஆறுதல் எதையும் உணர்ந்தேனல்லேன். எனினும் ஊட்டப்பட்டேன். உண்ணும்போது சுவை தெரியாத உணவும் உடலைத் தாங்கத்தானே செய்கிறது?

வியட்நாமின் கர்தினால் பிரான்சிஸ் சேவியர் நுயென் வான் துவான் அவர்களின் வாழ்வு இதற்குச் சான்று. 1975இல் கைதான அவர் 13 ஆண்டுகள் சிறையிருந்தார். அவற்றுள் 9 ஆண்டுகள் தனிமைச் சிறை. வயிற்று நோய்க்கு மருந்து என்ற பெயரில் அவருக்குச் சிறிது திராட்சை இரசம் அனுப்பப்பட்டது. உள்ளங்கையையே திருக்கிண்ணமாக்கி, மூன்று துளி இரசமும் ஒரு துளி நீரும் கொண்டு அவர் திருப்பலி நிறைவேற்றினார். செபிக்கவும் இயலாத அளவு சோர்ந்த நாள்களும் தமக்கு இருந்தன என்பதை அவரே பின்னர் பகிர்ந்துள்ளார். பேராலயமும் பாடகர் குழுவும் இல்லாத இடத்தில், நான்கு துளிகள் அவரைக் காத்தன.

இல்லச் செபம் திருப்பலிக்கு மாற்றன்று. பக்தி முயற்சிகள் திருவழிபாட்டிலிருந்து ஊற்றெடுத்து மக்களை அதனிடமே இட்டுச்செல்ல வேண்டும் என்பது 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தந்த போதனை. ஞாயிறு பந்தியில் உண்ட அப்பத்தை வார நாள்களில் செரிக்கச் செய்வதே இல்லச் செபத்தின் பணி எனலாம். இதற்குப் பெருமுயற்சி வேண்டியதில்லை. அன்றைய நற்செய்திப் பகுதியை வாசிக்க ஐந்து நிமிடம் போதும். மூவேளை செபத்துக்கு அதைவிடக் குறைவு. செபமாலைக்கு ஏறக்குறைய இருபது நிமிடம். வேலைக்கு விரையும் தாய் பேருந்தில் ஒரு பத்து மணி சொல்லலாம். நோயுற்றவர் படுக்கையிலிருந்தே சொல்லலாம். அளவு சிறியதாயினும் நாள் தவறாதிருப்பதே பயன் தரும்.

உங்கள் இல்லத்தில் உங்கள் செபத்துக்குப் பதில் சொல்ல இன்று ஒருவர் இருப்பாராயின், அது பெரும் கொடை. இன்றிரவே அவரோடு முழந்தாளிடுங்கள். நாளைக்குரிய மன்னாவை நாளை இறைவன் தருவார்.