ஹீட்டரும் பீலித் தண்ணீரும்

குளிர்நாடுகளில் வாழும் நண்பர்களுக்கு வாகனத்தின் ஹீட்டர் உயிர்காக்கும் பொருள். இலங்கையில் அதன் விசையைத் தொட்டே பாராதவர்கள் ஏராளம். ஜப்பானில் இருந்து இறங்கிய பழைய வான்களோடு அதுவும் கூடவே வந்துசேர்ந்தது.

என்னிடம் இருப்பது முப்பது வயதைத் தாண்டிய டொல்பின் வான். பின் ஆசனங்களைக் கழற்றிவிட்டு, பலகையடித்து மெத்தை போட்டிருக்கிறேன். 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 இல் மீண்டது. ஆயினும் புதியதை வாங்கும் வசதி எனக்கு இல்லை. பழையதே துணை.

ஒரு தை மாதக் காலை, எண்பது வயதைக் கடந்த அம்மாவுக்கு அவர் பிறந்த தோட்டத்தைக் காட்டுவதற்காக லுணுகலைக்குப் புறப்பட்டேன். பதுளையில் இருந்து பசறை, லுணுகலை, பிபிலை வழியாகச் செங்கலடிக்கு இறங்கும் ஏ5 வீதி அது. பசறையைத் தாண்டியதும் மூடுபனி. அம்மாவின் கால்களுக்கு இதமாக இருக்கட்டுமே என்று ஹீட்டரைப் போட்டேன்.

சற்று நேரத்தில் அம்மா கேட்டார்: "என்னய்யா, பாகு காச்சுற வாசம் அடிக்குது?"

நான் பொருட்படுத்தவில்லை. முன்கண்ணாடியின் உட்புறம் எண்ணெய் பூசியதுபோல் மங்கியது. துடைத்தால் மீண்டும் மங்கியது. 13 ஆம் கட்டையைக் கடந்தோம். 2021 மார்ச்சில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து பலர் மாண்ட இடம். வெப்பமானியின் முள் நடுவில்தான் நின்றது. அதை நம்பி ஓட்டினேன். லுணுகலையை நெருங்கியபோது அம்மா தம் செருப்பு நனைந்திருப்பதாகச் சொன்னார்.

பஜாருக்கு அருகே ஒரு கராஜ். அங்கிருந்த இளைஞர் காலடி விரிப்பைத் தூக்கினார். அடியில் செம்மண் நிறத்தில் தண்ணீர் தேங்கி நின்றது.

எஞ்சினைக் குளிர்விக்கும் சுடுநீரின் ஒரு கிளைதான் ஹீட்டருக்குள் ஓடுகிறது. உள்ளே இருப்பது சிறிய ரேடியேட்டர். அது கசிந்தால் எஞ்சினின் தண்ணீரே குறையும். இனிப்பு வாசம் கூலன்ட் திரவத்தினுடையது. கண்ணாடியில் படிந்ததும் அதன் ஆவியே.

"முள்ளை நம்பாதீங்க சேர். தண்ணி இறங்கிட்டா அதுக்குச் சூடு தெரியாது" என்றார். பிறகு கேட்டார்: "என்ன தண்ணி ஊத்துறீங்க?"

"பீலித் தண்ணி."

அவர் சிரிக்கவில்லை. கூலன்ட் பனியுறையும் நாட்டுக்கு மட்டுமானது என்று நினைத்திருந்தேன். துருவைத் தடுக்கும் மருந்தும் அதில்தான் இருக்கிறதாம். பல ஆண்டுகளாக நான் வழியோரப் பீலிகளில் பிடித்து ஊற்றிய தண்ணீர் அந்த மருந்தை நீர்க்கச் செய்து, உள்ளிருந்து குழாய்களை அரித்திருந்தது. கடைசி மூன்று வாரங்களில் தண்ணீர் அடிக்கடி குறைந்ததும் எனக்குத் தெரியும். ஊற்றி ஊற்றிச் சமாளித்தேன்.

"சூடு வேணுமா, ஊர் போய்ச் சேரணுமா?" என்றார் இளைஞர். எஞ்சின் ஆறும்வரை மூடியைத் தொடவில்லை. ஹீட்டருக்குச் செல்லும் ஹோஸையும் திரும்பும் ஹோஸையும் கழற்றி, சிறு குழாய்த்துண்டால் ஒன்றோடொன்று இணைத்துக் கிளிப் போட்டார். புதிய கூலன்ட் ஊற்றி, மூடியைத் திறந்தபடி எஞ்சினை ஓடவிட்டார். குமிழிகள் அடங்கும்வரை காத்திருந்தோம். காற்று தங்கினால் எஞ்சின் மறுபடியும் கொதிக்குமாம்.

வடித்த திரவத்தை நாய் ஒன்று முகர்ந்தது. அம்மாதான் முதலில் கண்டு விரட்டினார். இனிப்பாக இருந்தாலும் அது நஞ்சு. இளைஞர் அதைப் பழைய டின்னில் ஊற்றி மூடிவைத்தார்.

முப்பது ஆண்டுகளாக வாகன விபத்துச் செய்திகளை எழுதியவன் நான். "இயந்திரக் கோளாறே காரணம்" என்ற ஒரே வரியோடு எத்தனை செய்திகளை முடித்திருப்பேன்! அந்த வரிக்குப் பின்னால், தண்ணீர் குறைவதை அறிந்தும் ஊற்றிக்கொண்டே ஓட்டிய ஒருவன் இருந்திருக்கலாம் என்று அன்றுவரை நினைத்ததில்லை.

சூடில்லாத வானில் மீதித் தூரம் சென்றோம். போர்வையால் அம்மாவின் கால்களைச் சுற்றினேன். "கம்பளியப் போத்திக்கிட்டு மழையில கொழுந்தெடுத்த காலுய்யா இது. நீ ரோட்டப் பாரு" என்றார்.

ரோட்டைப் பார்த்தேன்.