சூடடிக்கும் யந்திரமும் சில சங்கிலிக் கண்ணிகளும்

இலங்கையின் வன்னியில், கனகராயன்குளத்துக் களங்களில் சூடு மிதிக்கும் எருதுகளின் பின்னே தூக்கக் கலக்கத்தோடு நடந்து வளர்ந்த ஒருவன், ஒன்ராறியோ மாகாணத்தின் ஹியூரன் பிரதேசத்தில், எண்பது வயதைக் கடந்த ஒரு கமக்காரரின் மரக்கொட்டிலுக்குள் குனிந்து நின்று, பல்லாண்டுத் தூசியைத் துணியால் ஒற்றி, வார்ப்பிரும்பில் புடைத்து நிற்கும் ஓர் இலக்கத்தை வாசிக்கப் பிரயாசைப்படுவான் என்று என் ஐயாவிடம் எவரேனும் ஆரூடம் சொல்லியிருந்தால், அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்.

கொட்டிலில் கிடந்தது ஹமில்டன் நகரத்துச் சோயர்-மாசி ஸ்தாபனம் செய்த பழைய சூடடிக்கும் யந்திரம். எங்கள் ஊரில் 'மசி' என்றால் சிவப்பு நிற உழவு மெசின். அதற்கு மேல் அச்சொல்லுக்கு ஓர் அர்த்தம் உண்டென்று நாங்கள் எண்ணியதில்லை. 1847இல் இதே ஒன்ராறியோவில் கமத்துக் கருவிகள் செய்யத் தொடங்கிய டானியல் மாசியின் குடும்பப் பெயர் அது என்பதும், அவர் சந்ததியார் 1891இல் ஹரிஸ் ஸ்தாபனத்தோடு கூடி, அந்தக் கூட்டு 1953இல் பேர்கசனோடு கலந்து, அப்படியே எங்கள் வயல்வரை வந்து சேர்ந்ததென்பதும், ரொறன்ரோவில் 1894இல் திறந்த மாசி மண்டபமும் கலப்பையும் அரிவிவெட்டு யந்திரமும் விற்ற பணத்தில் எழுந்ததே என்பதும் இங்கு வந்து நெடுங்காலத்தின் பின்னரே எனக்குத் தெரிந்தன.

யந்திரத்தின் சூட்சுமம் எளியது. ஒரு முனையில் கதிர்க்கட்டைக் கொடுத்தால், பற்கள் பதித்த உருளை அடித்து மணியைப் பிரிக்க, மணி சல்லடைகளில் விழ, விசிறி பதரை ஊதித் தள்ள, வைக்கோல் குலுங்கிக் குலுங்கிப் பின்புறமாக வெளியேறும். எங்கள் களத்தின் எருதும், வைக்கோலை உதறிப் புரட்டும் 'வேலைக்காரன்' தடியும், காற்றும், சுளகும் ஒரு மரப்பெட்டிக்குள் புகுந்துகொண்டால் எப்படியோ, அப்படி. ஸ்கொத்லாந்தில் அன்ட்ரூ மைக்கிள் 1786 அளவில் இத்தகைய உருளையை ஓட்டிக் காட்டினார். அதற்குப் பின் இருநூறு வருஷம் கழித்தும் நாங்கள் எருது கட்டினோம் என்பதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை.

கிழவருக்கு ஒரே ஆசை: பிளைத் என்னும் சிற்றூரில் செப்டெம்பர்தோறும் கூடும் சூடடிப்போர் விழாவில் தம் தகப்பனாரின் யந்திரம் ஒருமுறை ஓட வேண்டும். குறைந்தவை மூன்று. உருளையின் பற்கள் சில; உடைந்த பெயாரிங் கூடு ஒன்று; சல்லடைகளை ஆட்டும் சங்கிலியில் பதினைந்து கண்ணிகள்.

சங்கிலியைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கமத்துக் கருவி விற்றுவந்த வில்லியம் எவர்ட் என்பவர், அறுவடை நடுவே ஒரு கண்ணி அறுந்தால் முழுச் சங்கிலியும் முடங்கிப்போகும் அவஸ்தையைக் கண்டு, கருவி எதுவுமின்றிக் கையாலேயே மடித்துப் பக்கவாட்டில் கழற்றக்கூடிய கொக்கிக் கண்ணியை உண்டாக்கி 1874இல் காப்புரிமை பெற்றார். மழை இருட்டிக்கொண்டு வரும்போது களத்தில் நின்றவனுக்கே அப்படி ஒரு யோசனை தோன்றும்.

கண்ணிகளைத் தேடி மூன்று மாதம் அலைந்தோம். ஏலங்களுக்குப் போனோம். ஒருவர் இன்னொருவரைச் சொல்ல, அவர் காலமாகிவிட்டதாக அவர் மனைவி சொல்ல, அந்த அம்மையாரின் மைத்துனர் காணியின் வேலியோரத்தில், மேப்பிள் மரமொன்று நடுவே முளைத்து விலாவைப் பிளந்து நிற்க, அதே இனத்து யந்திரம் ஒன்று கிடந்தது. வேண்டிய கண்ணிகளும் பற்களும் அதிலேயே கிடைத்தன. கூட்டை மட்டும் புதிதாக வார்க்க நேர்ந்தது. உடைந்த துண்டையே அச்சாக வைத்தால் இரும்பு ஆறும்போது சுருங்கிப் பிரதி சிறுத்துவிடும் என்பதால், அடிக்கு எட்டில் ஓர் அங்குலம் கூட்டி மரத்தில் அச்சு செதுக்கினோம்.

இந்தத் தேடல் எனக்குப் புதிதன்று. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் எரிபொருளும் பற்றரியும் உதிரிப்பாகங்களும் வன்னிக்குள் வர முடியாதிருந்த நாட்களில், வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடப் பழகிய அக்காலத்தில், எங்கள் மசிக்கு ஓர் ஒயில் சீல் வேண்டிப் புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் சைக்கிள் மிதித்திருக்கிறேன். எவருடைய மெசின் எந்த மரத்தடியில் செத்துக் கிடக்கிறது, அதில் எது கழற்றியாயிற்று, எது மிச்சம் என்பதெல்லாம் எங்கள் கராச்காரருக்கு மனப்பாடம். அங்கே பொருள் இல்லாததற்குத் தடை காரணம். இங்கே மறதி காரணம். கேட்டுக் கேட்டு ஆளைக் கண்டுபிடிக்கும் வித்தையோ இரண்டுக்கும் ஒன்றுதான். 1997இல் இலங்கை இராணுவத்தின் ஜயசிக்குறு படைநடவடிக்கை கண்டி வீதி வழியே வடக்கு நோக்கி ஏற, அந்த மசியை விட்டுவிட்டு வந்தோம். பிறகு அதன் பாகங்கள் யாருடைய மெசினில் ஓடினவோ.

செப்டெம்பரில், உழவு மெசினிலிருந்து குறுக்காக முறுக்கி மாட்டிய நீண்ட பட்டி சுழல, கொட்டில் தூசியெல்லாம் ஒரு மேகமாக எழும்பி அடங்க, கோதுமை மணி குழாய்வழி வந்து விழுந்தது. முதல் வாளி நிறைந்ததும், எங்கள் களத்தில் ஒன்று என்று எண்ணாத வழக்கப்படி, என்னையறியாமல் "லாபம்" என்றேன். கிழவர் என்னைப் பார்த்தார். விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். யந்திரத்தின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குள் இரண்டாவது வாளி நிறைந்துவிட்டது.