தாங்கிறது வேற, வளர்றது வேற

நாங்கள் கள்ளி வளர்க்கத் தொடங்கினது ஆசைக்காக இல்லை, காசுக்காக. நாங்கள் எண்டா அக்காவும் தங்கச்சியும். ஒராள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடம், மற்றாள் உயர்தரம். வீடு விசுவமடுவில். போன வருசம் பெப்ரவரியில் அம்மாவின் சீட்டுக்காசில் 15,000 ரூபாய் வாங்கி, நாற்பது சின்னச் சாடிகளை மொத்தமாக எடுத்தோம். உருண்டைக் கள்ளி, பச்சைத் தண்டில் சிவப்புத் தலை ஒட்டினது, ரோசாப்பூ மாதிரி அடுக்கடுக்காக இலை வைக்கிற எச்சிவேரியா. பெருக்கி விக்கிறது எண்டு திட்டம்.

"வெயிலுக்கெண்டே பிறந்த கண்டு, வன்னிக்கு இதுதான் சரி" எண்டு கேட்டவை எல்லாரும் சொன்னவை. முற்றத்தில், நிழலே இல்லாத இடத்தில், கறுப்பு பிளாஸ்ரிக் சாடிகளோடு அப்பிடியே அடுக்கினோம். மிளகாய் ஆயப் போறதுக்குத் தலையில் துணியைச் சுத்திக்கொண்டு நிண்ட அம்மாவும் பார்த்துச் சிரிச்சா. "நாங்கள் நிக்கிற வெயில்தானே, உந்தக் கள்ளி நிக்காதோ?"

யூலை முடிய 27 செத்துப்போச்சு.

முதல் அடி ஏப்ரலில். வருசப்பிறப்பை ஒட்டின நாட்களில் சூரியன் எங்கட தலைக்கு நேர் மேல நிக்கும். ஓகஸ்ட் கடைசியிலும் இன்னொருக்கா அப்பிடி வரும். கடையில் பச்சை வலைக்குக் கீழ வளர்ந்த கண்டுகளை ஒரே நாளில் அந்த வெயிலுக்குள்ள விட்டது எங்கட பிழை. மேல்தோல் வெளிறி, பிறகு மரப்பட்டை மாதிரிக் கபிலமாயிற்று. அந்தத் தழும்பு திரும்பப் பச்சையாகாது. சிவப்புத் தலைகள்தான் முதல் போனது. அதுகளுக்குப் பச்சையமே இல்லை, கீழ இருக்கிற தண்டின் சாப்பாட்டில் வாழுறதுகள்.

ஆனால் கனக்கக் கண்டுகளைக் கொன்றது வெயில் இல்லை, நாங்கள்தான். மே மாதம் சோளகக் காத்து புழுதியோட அடிக்கத் தொடங்க, "பாவம், காயுது" எண்டு மத்தியானத்திலயும் தண்ணி ஊத்தினோம். கறுப்புச் சாடிக்குள்ள மண் கொதிச்சுக்கொண்டிருந்தது. சூடான ஈரமண்ணில் வேருக்குக் காத்தும் இல்லை, பூஞ்சணத்துக்கு நல்ல வசதி. வெளியில் பச்சையாக நிண்ட கள்ளியைத் தொட்டால் அடி கூழாக இருந்தது.

பிறகுதான் தேடி வாசிச்சோம். மற்ற மரஞ்செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காத்தை எடுக்கும். கள்ளியும் சதைப்பிடிப்பான கண்டுகளில் கனக்கவும் பகலில் துளையை மூடி, இரவில்தான் திறக்கும். இரவில் எடுத்த காபனீரொட்சைட்டை அமிலமாகச் சேமிச்சு வைச்சு, பகல் வெளிச்சத்தில் அதை உணவாக்கும். இதை நாக்கால் கண்டுபிடிச்ச ஆள் ஒருவர் இருக்கிறார். தரங்கம்பாடிக்கு மிசனறியாக வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பனியில் தாவரவியலாளராக வேலை செய்த பெஞ்சமின் ஹைன். நாங்கள் சின்ன வகுப்பில் கொப்பிக்குள்ள வைச்சுக் குட்டி போடுதா எண்டு பார்த்த அதே ரணகள்ளி இலையை அவர் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறார். விடியப் புளிப்பு, மத்தியானம் சுவையில்லை, பின்னேரம் கசப்பு. அந்தக் குறிப்பு அச்சில் வந்தது 1815இல். (நீங்கள் சாப்பிட்டுப் பார்க்க வேண்டாம், ரணகள்ளியில் நஞ்சு இருக்கு.)

இந்தக் கண்டுகளுக்கு இரவு குளிரவேணும். எங்கட கோடையில் இரவிலும் புழுக்கம். அப்ப துளை சரியாகத் திறக்காது, வளர்ச்சி நிண்டுபோகும், வேர் தண்ணி கேக்காது. கண்டு சாகேல்லை, ஆனால் வளரவும் இல்லை. இழுத்து மூடிக்கொண்டு நாளைக் கடத்துது. அதைத்தான் நாங்கள் "வெயிலைத் தாங்கும்" எண்டு சொல்லுறம்.

எல்லாக் கள்ளியும் பாலைவனத்துக் கள்ளியும் இல்லை. எங்கட வேலியோரத்துச் சதுரக்கள்ளி இந்த மண்ணின்ர கள்ளிதான், ஆனால் அது பால் வடியிற வேற குடும்பம். நாகதாளி உண்மையான கள்ளி, அது அமெரிக்காவிலிருந்து வந்தது. இலங்கையில் இயற்கையாக வளர்ற உண்மையான கள்ளி ஒண்டே ஒண்டுதான். றிப்சாலிஸ் எண்டு பேர், காட்டு மரங்களில் நிழலில் தொங்கும்.

மிச்சம் 13. வீட்டின் கிழக்குப் பக்கம், வேம்புக்குக் கீழ, கிடுகுப் பந்தல் போட்டு மாத்தினோம். பத்து மணி வரைக்கும் வெயில், பிறகு நிழல். மண்சாடி. பாதிக்கு மேல ஆத்துமணலும் செங்கல் துண்டும், கொஞ்சம் காய்ஞ்ச மாட்டெரு. விரலை விட்டுப் பார்த்து அடிமண்ணும் காய்ஞ்சிருந்தால் மட்டும், பொழுதுபட்ட பிறகு தண்ணி. கோடை முடியிறவரை உரமே இல்லை. ஒக்ரோபரில் மாரி தொடங்க எல்லாத்தையும் விறாந்தைக்குள்ள எடுத்தோம். இரவு குளிரத் தொடங்கினதும் குட்டிகள் வெடிச்சது. எச்சிவேரியாவின் உதிர்ந்த இலையிலிருந்தும் புதுக்கண்டு வந்தது. இந்த மார்ச் வரை 18 சாடி, ஒண்டு 350 ரூபாய்ப்படி வித்தோம். 6,300 ரூபாய். சீட்டுக்காசில் இன்னும் 8,700 கட்டக்கிடக்கு.

கள்ளியைப் பற்றி வாசிச்ச பிறகு அம்மா சொன்னது எங்களுக்குச் சிரிப்பாக இல்லை. வளிமண்டலவியல் திணைக்களம் முல்லைத்தீவு, வவுனியா எண்டு பேர் சொல்லி வெப்ப எச்சரிக்கை விடுற நாட்களிலும் அவ மிளகாய்த் தோட்டத்தில்தான். நிழலில் நில்லுங்கோ, கடும் வேலையைக் குறையுங்கோ எண்டு அந்த அறிவித்தல் சொல்லும். பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்தால் அரைநாள் சம்பளம் எண்டு அதில் இல்லை. வன்னிச் சனம் எதையும் தாங்கும் எண்டு வெளியில் ஆக்கள் புகழேக்க நாங்களும் பெருமைப்பட்டிருக்கிறம். அம்மா இரவில் முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறதையும் பார்த்திருக்கிறம்.

இந்த ஏப்ரலில் ஒரு ஒப்பந்தம் போட்டோம். எச்சரிக்கை வாற நாட்களில் அம்மா பதினொரு மணிக்கு வரவேணும். குறையிற அரைநாள் சம்பளத்தைக் கள்ளிக் காசிலிருந்து நாங்கள் குடுக்கிறது. "அப்ப சீட்டுக்காசு?" எண்டு கேட்டா. கொஞ்சம் பிந்தும் எண்டு சொன்னோம்.

முதல் நாள் வந்தா. பந்தலுக்குக் கீழ கதிரையைப் போட்டு இருந்து, சாடி ஒவ்வொண்டுக்குள்ளயும் விரலை விட்டுப் பார்த்தா. "ஈரம் கிடக்கு, ஊத்தாதேங்கோ" எண்டா.