காசு கொடுத்த விருந்து

முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக்குப் போய்க் காசு கொடுத்துச் சாப்பிடுவதை அம்மாவுக்குப் புரியவைப்பது கஷ்டம். "அதுக்குப் பேர் ஓட்டல்தானே?" என்றார். ஓட்டல் இல்லை, அவர்கள் தூங்கி எழும் வீவக வீடு, ஹாலில் ஒரு நீள மேசை, மொத்தமே எட்டுப் பேர் என்றேன். "அப்ப அது விருந்து. விருந்துக்கு எதுக்குடா காசு?" இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில்தான் இந்த ஏற்பாடு உட்கார்ந்திருக்கிறது.

லண்டன்காரர்கள் இதை சப்பர் கிளப் என்பார்கள். சிங்கப்பூரில் பிரைவேட் டைனிங். கியூபாவில் பாலடார், ஒரு பிரேசில் தொலைக்காட்சித் தொடரிலிருந்து வந்த பெயர். 1990களில் அங்கே வீட்டில் சாப்பாடு போட்டுச் சம்பாதிக்க அரசு அனுமதித்தபோது 12 நாற்காலிக்கு மேல் கூடாது என்று கணக்கு வைத்தார்கள். இங்கேயும் வீவக வீட்டில் தொழில் செய்ய விதிகள் உண்டு. பெயர்ப்பலகை மாட்டக் கூடாது. அக்கம்பக்கத்தாருக்கு இடைஞ்சல் கூடாது. அந்த வீட்டில் குடியிராதவரை வேலைக்கு வைக்கக் கூடாது. ஆக, குடும்பமாகச் சேர்ந்து செய்தால்தான் உண்டு.

நான் போனது பிடோக் நார்த்தில் ஒரு புளோக்கின் பத்தாவது மாடிக்கு. 'மஃரிபுக்கு அப்புறம் ஏழரைக்கு வாங்க' என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்திருந்தது. பிடோக் என்ற பெயரே பள்ளிவாசல் முரசுக்கான மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். இப்போது வீடுகளுக்குள் பாங்கு வானொலியில்தான் கேட்கிறது. வாசலில் செருப்புகளை வைத்து, வந்தவர்களை எண்ணிவிடலாம். ஒரு சீனத் தம்பதி, ஒரு மலாய் ஆசிரியை, தஞ்சாவூரிலிருந்து வேலைக்கு வந்த இரண்டு பையன்கள், ஒரு வயதான அங்கிள், நானும் என் தோழியும். அக்கா சமைக்கிறார். அண்ணன் பரிமாறுகிறார். பதினாறு வயது மகள் தண்ணீர் ஊற்றிவிட்டு, யாருக்கு என்ன ஒத்துக்காது என்று போனைப் பார்த்துச் சரிபார்க்கிறாள்.

நெய்ச்சோறு வந்தது. ரம்பை இலை வாசனை நெய்க்கு முன்னால் வந்தது. எலும்பும் கத்திரிக்காயும் மாங்காயும் போட்ட தால்ச்சா. கோழிக் குருமா. சம்பால் தடவிப் பொரித்த மீன். கடையநல்லூர்ச் சமையல் சிங்கப்பூரில் மூன்று தலைமுறை குடியிருந்தால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது. தால்ச்சாவை ரசம் மாதிரி கிண்ணத்தில் தூக்கிக் குடித்தார் அந்தச் சீன அங்கிள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பார்த்துவிட்டு நானும் குடித்தேன்.

கடையநல்லூர், தென்காசிப் பக்கத்து முஸ்லிம்கள் சிங்கப்பூரில் முதலில் தஞ்சோங் பகாரைச் சுற்றித்தான் குடியிருந்தார்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்காக 1946இல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியதும் அவர்கள்தான். அது 1982இல் மூடப்பட்டது. பழைய குடியிருப்புகள் இடிபட, குடும்பங்கள் தீவெங்கும் அடுக்குமாடிகளுக்குச் சிதறின. அந்தப் பெண்களில் பலர் மசாலா அரைத்து விற்றவர்கள். அக்காவின் பாட்டியும் அப்படித்தான். மீனா கோழியா, எத்தனை பேருக்கு என்று கேட்டு, மஞ்சளும் மிளகாயும் மல்லியும் அளந்து கூட்டி இலையில் மடித்துக் கொடுப்பார்களாம். "பாட்டிம்மா கையில மஞ்சக் கறை போனதே இல்ல தம்பி. சீனவங்க, மலாய்க்காரங்க, நம்மாளுங்க, எல்லார் வீட்டுக் குழம்பும் அவங்க கை வழியாத்தான் போச்சு."

இதைக் கேட்டபிறகு, காசு வந்ததும் உபசரிப்பு கெட்டுவிட்டது என்று என்னால் சொல்ல முடியவில்லை. இந்தக் குடும்பத்தில் பெண்களின் கைப்பக்குவம் ரொம்ப நாளாகவே வீட்டுக்குப் பால் பாக்கெட்டும் பஸ் காசும் கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

'விருந்து' என்ற சொல்லுக்குப் பழைய தமிழில் புதுமை என்று பொருள். புதிதாக வருபவர் விருந்தினர். மாமாவும் அத்தையும் வந்தால் அது உறவு. வள்ளுவர் ஒரு முழு அதிகாரம் ஒதுக்கியது புதியவருக்குத்தான். அந்தக் கணக்கில் அன்றைக்கு மேசையில் இருந்த எட்டுப் பேரும் அசல் விருந்தாளிகள். எங்களில் யாருக்கும் அந்த வீட்டில் வேறு எந்த உரிமையும் கிடையாது.

ஆனாலும் ஒன்று உறுத்தியது. அக்கா கடைசிவரை உட்காரவே இல்லை. பாயாசம் வந்தபிறகு தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். "நீங்க வைங்க தம்பி, காசு குடுத்து வந்திருக்கீங்க" என்று வாங்கிக்கொண்டார். அதையே பிடித்துக்கொண்டு கேட்டேன்: காசு வாங்கிக்கிட்டு விருந்து போடுறது சங்கடமா இல்லையாக்கா?

அக்கா சிரிக்கவில்லை. "இருபது வருஷம் காசு வாங்காமப் போட்டேன். பெருநாளு, கல்யாணம், பேர் வைக்கிறது, ஊர்லேர்ந்து யாராச்சும் வந்தா ஒரு மாசம். எத்தனை பேர் வர்றாங்கன்னு ஒரு நாளும் யாரும் என்கிட்ட கேட்டதில்ல. இப்ப நாளை நான் சொல்றேன். எட்டுப் பேருக்கு மேல முடியாதுன்னு நான் சொல்றேன். விருந்து எனக்குப் புடிக்க ஆரம்பிச்சதே இப்பத்தான்."

விருந்தைப் பற்றி நாம் எழுதுவதெல்லாம் சாப்பிட்டவர் எழுதியதுதான். மணமும் ருசியும் நினைவும் எல்லாம் மேசைப் பக்கத்தில் நின்றுவிடுகின்றன. அடுப்புப் பக்கத்தில் இருந்தவர், 'முடியாது' என்று சொல்ல முடிவதுதான் தனக்குப் பெரிது என்கிறார். ஆளுக்கு 70 வெள்ளி என்பது நெய்க்கும் இறைச்சிக்கும் மட்டுமான விலையாக எனக்குப் படவில்லை. இருபது வருஷமாக யாரும் கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியும் அதில் சேர்ந்திருக்கிறது.

அவருக்கு ஓர் ஆசை பாக்கி இருக்கிறது. அவர் மாமியார் கீழக்கரை. அந்தப் பக்கம் ஒரே சஹனைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஒன்றாக எடுத்துச் சாப்பிடுவார்கள். "அப்படி வைக்கணும் தம்பி. தெரியாதவங்க ஒரே தட்டுல கை வைப்பாங்களா?" வைப்பார்கள் என்றும் சொல்லத் தோன்றியது, மாட்டார்கள் என்றும் தோன்றியது. அதற்குள் மகள் வந்து, யார் யார் பேநவ் அனுப்பிவிட்டார்கள் என்று வாசித்தாள். நீயும் இதைச் செய்வாயா என்று கேட்டேன். "கணக்கு மட்டும் பார்ப்பேன் அண்ணா" என்றாள். அக்கா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தாமலே, "பார்க்கட்டும். எங்க பாட்டிம்மாவுக்குக் கணக்குப் பார்க்க ஆளே இல்ல" என்றார்.